அங்கீகாரத்துக்குரியது

எனக்குத் தமிழ் நன்றாக வரும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது எந்த ஆயுதத்தால் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஓய்வு பெற்று, ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்கட்டில் எங்களைக் குடிவைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. கே.கே. நகரையும் தாண்டி, கருவேல முள்ளும் செம்மண் புழுதியுமாகக் கிடந்த ஒரு பொட்டலில், ஓர் அறக்கட்டளை கல்வி நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே எனக்கு வேலை கிடைத்தது. இன்று அந்த நிறுவனம் இல்லை. அதன் பெயரைச் சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அங்கே அப்போது இருந்தது ஆசிரியர் பயிற்சி ஒன்றுதான். அதற்கு முறையான அங்கீகாரம் இருந்தது, நன்றாகவே நடந்தது. ஆனால் நிர்வாகத்துக்கு அது போதவில்லை. நிறுவனம் பல்கலைக்கழகம் ஆகிவிடும் என்று அவர்களாகவே முடிவு செய்து, கடிதத் தாளின் தலைப்பில் பல்கலைக்கழகம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ‘உத்தேச’ என்று ஒரு சொல் எறும்பு மாதிரி நின்றிருக்கும். யார் கண்ணிலும் அது பட்டதாகத் தெரியவில்லை.

என் வேலை வளர்ச்சித் திட்டப் பிரிவில். பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு திட்ட அதிகாரி, ஒரு தமிழ் டைப்ரைட்டர், நான். அதிகாரி கல்வித் துறையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்னும் சௌகரியமாக இருந்திருக்கும். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வரைபடம் ஒட்டி வைத்திருந்தார். இடது பக்கம் ஆசிரியர் பயிற்சி, வலது பக்கம் மருத்துவம் சார்ந்த படிப்புகள். ஐந்து வருடத்தில் எது எதுவாகக் கிளைக்கும் என்று பச்சைப் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். நர்ஸிங் டிப்ளமா வரும், அதிலிருந்து நர்ஸிங் கல்லூரி வரும், பிறகு லேப், எக்ஸ்ரே, பிஸியோதெரபி. இடது பக்கம் பி.எட்., எம்.எட்., உடற்கல்வி. வலது பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரிகூட அப்போது கிடையாது. இதை வீட்டில் சொன்னபோது அப்பா, கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான் என்றார். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி ஆங்கிலத்தில் எழுதுவார். நான் அதைத் தமிழாக்கி டைப் அடிப்பேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆபீஸ் தமிழில் ஒரு ருசி உண்டு. ‘ஆவன செய்யப்படும்’ என்றால் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் பீரோவில் உள்ளது என்று அர்த்தம். சொல்லாமல் சொல்வதில் எனக்கு நல்ல கை இருந்தது. அதிகாரி என் தாள்களை நிர்வாகக் குழுவுக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டிவிட்டு, எல்லோரும் பாராட்டினார்கள் என்று திரும்பி வந்து சொல்லுவார். அன்று பூராவும் எனக்கு மனசு நிறைந்திருக்கும்.

திட்டத்தின் முதல் அடி நர்ஸிங் டிப்ளமா. மூன்று வருடப் படிப்பு. அதற்கு மெட்ராஸில் இருக்கும் நர்ஸ்கள் பதிவு அலுவலகம் அங்கீகாரம் தர வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் படித்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்கள். பெயர் ஏறாதவர் எங்கேயும் நர்ஸ் ஆக முடியாது. அங்கீகாரம் வேண்டுமென்றால் நிறுவனத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், அதில் குறிப்பிட்ட அளவு படுக்கைகள் இருக்க வேண்டும், படுக்கைகளில் நோயாளிகளும் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது விண்ணப்பத்தின் நகல் மட்டும். ஆனாலும் அந்த வருடமே ஆள் சேர்ப்பது என்று நிர்வாகம் தீர்மானித்துவிட்டது. மாணவிகள் இருந்தால்தான் ஆய்வுக் குழு வரும் என்றார்கள். அப்புறம் எல்லாம் தானாக நடக்குமாம்.

விவரக் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று அதிகாரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் ‘அங்கீகாரம் கோரப்பட்டுள்ளது’ என்று அடித்துக் கொடுத்தேன். அவர் முகம் சுளித்தார். அப்படிப் போட்டால் இன்னும் வரவில்லை என்று பச்சையாகத் தெரிகிறதே என்றார். ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று மாற்றினேன். வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளை உருளையில் செருகி, ‘இது அங்கீகாரத்துக்குரிய மூன்றாண்டு டிப்ளமா படிப்பு’ என்று அடித்து நீட்டினேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“பொய் இல்லையேம்மா?”

“இல்ல சார். உரியதுன்னா தகுதியானதுன்னுதான் அர்த்தம். கிடைச்சாச்சுன்னு நாம எங்கயும் சொல்லலையே.”

கெட்டிக்காரி என்றார். அன்று நான் சீக்கிரமாகவே கிளம்பி, ஜங்ஷன் வந்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ரீரங்கம் போனேன். காவேரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. ஒரு சொல்லைச் சரியான இடத்தில் வைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அம்மாளும் அவள் மகளும் குடியிருந்தார்கள். அம்மாள் பெரியாஸ்பத்திரியில் வார்டு ஆயா. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் அந்த வருடம் பிளஸ் டூ தேறியிருந்தாள். ஒல்லியாக, முன் பல் கொஞ்சம் எடுப்பாக, எதைச் சொன்னாலும் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொல்கிற பெண். அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்துக் கார்டு வந்திருந்தது. அந்தக் காலத்தில் அது லேசில் கிடைக்கிற காரியமில்லை. தெருவே அதைப் பற்றிப் பேசியது.

அம்மாளுக்கு மட்டும் அதில் முழு திருப்தி இல்லை. மகள் நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. வார்டில் இருபது வருடமாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்துகொண்டிருக்கிறேன், என் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பாள். அப்போதுதான் எங்கள் கையேடு அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. யார் கொடுத்தார்களோ. நான் கொடுக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதால் எனக்கு எந்த லாபமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் முன்கட்டுக்கு வந்தார்கள். நான் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். டீச்சர் டிரெயினிங் கார்டு ஒரு கையில், எங்கள் கையேடு இன்னொரு கையில். மறுநாள் அந்தப் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்வதற்குக் கடைசி நாள். மகளுக்கு டீச்சர் ஆவதிலும் இஷ்டம்தான், நர்ஸ் ஆவதிலும் இஷ்டம்தான். எது நிச்சயமோ அதில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். நீங்க அங்கேயே வேலை பார்க்கிறவங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் என்றாள் அம்மாள்.

மகள் கையேட்டைப் பிரித்து அந்த வரியை வாய்விட்டு வாசித்தாள். ‘இது அங்கீகாரத்துக்குரிய மூன்றாண்டு டிப்ளமா படிப்பு.’ வாசித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி, அங்கீகாரம் இருக்குன்னு போட்டிருக்கும்மா என்று சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சரிதானக்கா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் என் மனசில் என்னென்ன ஓடியது என்று இப்போது நேர்மையாகச் சொல்லப் பார்க்கிறேன். இல்லையென்று சொன்னால் அது தெரு முழுக்கப் பரவும், நிர்வாகத்தின் காதுக்குப் போகும், வேலை போகும் என்ற பயம் இருந்தது. எப்படியும் அங்கீகாரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை கொஞ்சம் இருந்தது. இவற்றையெல்லாம்விட அற்பமான ஒன்றும் இருந்தது. நான் நினைத்த மாதிரியே அந்தச் சொல் வேலை செய்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன குறுகுறுப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

“கையேட்டுலதான் போட்டிருக்கே,” என்றேன்.

மறுநாள் அவள் அரசுப் பயிற்சிப் பள்ளிக்குப் போகவில்லை. எங்களிடம் சேர்ந்தாள்.

வெள்ளை யூனிஃபார்மைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, காலையில் என்னோடுதான் பஸ் ஏறுவாள். உட்கார்ந்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று நின்றுகொண்டே வருவாள். வகுப்பில் உடற்கூறும் மருந்துப் பெயர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் அரை நாள் நிறுத்தி வைத்தார்கள். சுவரில் அதிகாரியின் வரைபடத்தில் பச்சைக் கோடுகள் இன்னும் கொஞ்சம் நீண்டன.

ஏழெட்டு மாதம் கழித்து ஆய்வுக் குழு வருவதாகத் தந்தி வந்தது. ஆஸ்பத்திரி என்று காட்டுவதற்குக் கூரை மட்டும் போட்ட ஒரு நீளக் கூடம் இருந்தது. விடுதியிலிருந்து இரும்புக் கட்டில்களைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். தலைமாட்டில் நம்பர் எழுதினார்கள். நோயாளிக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது, நிர்வாகத்தில் யாரோ ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் இருக்கிறார்களே என்றார்கள். அப்படித்தான் வாத்தியார் ஆகப் படிக்க வந்தவர்கள் அன்றைக்குப் போர்வை போர்த்திக்கொண்டு படுத்தார்கள். யாருக்கு என்ன வியாதி என்ற பட்டியலை டைப் அடித்தது நான். காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, மஞ்சள் காமாலை என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரே வியாதியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

குழுவின் தலைவி நரைத்த தலையோடு ஒரு மூத்த நர்ஸ். ஒவ்வொரு கட்டிலாக மெதுவாக நடந்தார். பின்கட்டுப் பெண் ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். படுத்திருந்தவனுக்குப் பட்டியல்படி டைபாய்டு. அந்த அம்மையார் அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். பத்து நாளாக என்று மனப்பாடமாகச் சொன்னான். கையை விடாமல், அவன் விரல்களைத் திருப்பிப் பார்த்தபடி, அதே குரலில் கேட்டார்.

“எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கறீங்க?”

“நாலாம் வகுப்புங்க,” என்றான் அவன்.

நுணலும் தன் வாயால் கெடும். அவன் விரல் இடுக்கில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. அந்த அம்மையார் சத்தம் போடவில்லை. அவன் கையைப் போர்வைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெளியே போய்க் காரில் ஏறிக்கொண்டார். மேசையில் பரத்தி வைத்திருந்த சாப்பாட்டை அவரோடு வந்தவர்களும் தொடவில்லை.

அன்று திரும்பும்போதும் அந்தப் பெண் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாள். காவேரிப் பாலம் தாண்டியதும், நாங்கள் செய்தது தப்பில்லையா என்று கேட்டாள். எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னேன். உண்மையில் வேறு எந்த இடத்தைப் பற்றியும் எனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. தபாலைப் பிரித்து வரவுப் பதிவேட்டில் ஏற்றுவதும் என் வேலைதான். அங்கீகாரம் மறுக்கப்படுகிறது, இனி மாணவிகளைச் சேர்க்கக் கூடாது, இருப்பவர்களுக்கு நிலைமையைத் தெரிவிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதில் அர்த்தம் இரண்டு இல்லை. அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிர்வாகம் மேல்முறையீடு செய்யும், அதுவரை இது இந்த அறையை விட்டு வெளியே போக வேண்டாம் என்றார். கடிதம் பீரோவுக்குள் போனது.

அப்போதுகூடக் காலம் கடந்துவிடவில்லை. அவள் முதல் வருடம்தான் முடித்திருந்தாள். அந்த ஆனி மாதம் அரசுப் பயிற்சிப் பள்ளியில் மறுபடியும் விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். அவள் வாங்கிய மார்க்குக்கு மறுபடியும் இடம் கிடைத்திருக்கும். ஒரே வீட்டில் பதினைந்து தப்படி தூரத்தில் இருந்தாள். குழாயடியில் தினமும் பார்க்கிறேன். ஒரு தரம் அவளாகவே, இன்ஸ்பெக்ஷன் என்னக்கா ஆச்சு என்று கேட்டாள். பரிசீலனையில் இருக்கு என்றேன். பீரோ சாவி அப்போது என் கைப்பையில் இருந்தது.

இப்படியே இரண்டு வருடம். மேல்முறையீடு போகவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. நானும் கேட்கவில்லை. தினமும் காலையில் அவளோடு பஸ்ஸில் நின்று போனேன். இதை எப்படிச் செய்தேன் என்று கேட்டால், எனக்கே பதில் தெரியவில்லை. முதல் நாள் சொல்லவில்லை, அதனால் இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். கோழைத்தனத்துக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

மூன்றாம் வருடம் முடிந்து நிறுவனமே ஒரு பரீட்சை வைத்து, தங்க ஓரம் போட்ட சான்றிதழ் கொடுத்தது. அதன் தமிழ் வாசகமும் நான் எழுதியதுதான். அம்மாள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். அப்புறம் பதிவு செய்வதற்காகத் தாயும் மகளும் ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போனார்கள். சான்றிதழைச் சட்டத்தோடேயே எடுத்துப் போனார்கள்.

நிறுவனத்தின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மாணவிகளின் பெற்றோர் வந்து வாசலில் கத்தினார்கள், கல் எறிந்தார்கள். நிர்வாகக் குழுவுக்குள் சண்டை வந்து அறக்கட்டளை இரண்டாக உடைந்தது. நன்றாக நடந்துகொண்டிருந்த ஆசிரியர் பயிற்சியும் அதோடு சேர்ந்து மூடிக்கொண்டது. அதிகாரி சொந்த ஊருக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை வேலை கிடைத்தது. பின்கட்டுப் பெண்ணுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான வயது தாண்டிவிட்டிருந்தது. அம்மாள் யார் யாரையோ பிடித்து அவளை ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டாள். அங்கே ஊசி போடவும், கட்டுக் கட்டவும், பிரசவத்துக்குக் கூட நிற்கவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளப் புத்தகத்தில் அவள் ஆயா. அதற்குப் பிறகு அம்மாள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஏதாவது தெரியுமா, இல்லை வெறும் துக்கம்தானா என்று நான் கடைசிவரை கேட்டதில்லை.

மகள் பேசினாள். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

மெட்ராஸிலிருந்து திரும்பிய மறுநாள் மத்தியானம். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கையில் அந்தக் கையேடு. மூன்று வருடத்தில் மடித்து மடித்து, மடிப்பு கிழிந்து, சோற்றுப் பசையில் ஒட்டுப் போட்டிருந்தாள். பதிவு அலுவலகத்தில் என்ன நடந்தது என்று அவசரமில்லாமல் சொன்னாள். எங்கள் நிறுவனத்தின் பெயர் அவர்கள் பட்டியலிலேயே இல்லையாம். இவள் கையேட்டை எடுத்துக் காட்டினாளாம். அங்கே இருந்த கிளார்க் வயசானவர், நல்ல மாதிரி. இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அந்த வரியை விரல் வைத்து வாசித்துக் காட்டி அர்த்தம் சொன்னாராம்.

“உரியதுன்னா தகுதி இருக்குன்னு மட்டுந்தான் அர்த்தமாம். கிடைச்சிருக்குன்னு இல்லையாம். அவங்க பொய் சொல்லலியேம்மா, நீங்கதான் தப்பா வாசிச்சிட்டீங்கன்னாரு.”

அவள் கையேட்டைத் தரையில் வைத்து, அந்த வரியை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். திட்டினால் அழுதுவிடலாம், அழுதால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். எப்போதும் போல ஒரு நொடி யோசித்தாள்.

“தப்பு என்னோடதுதான்க்கா. எனக்குத் தமிழ் ஒழுங்கா வாசிக்கத் தெரியல. நீங்க வாசிச்சிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பீங்க.”

வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றும் நம்புகிறேன். வந்தது வேறு.

“இனிமே எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சுப் பாரு,” என்றேன்.

சரிக்கா என்று தலையாட்டினாள். புத்தி சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.